இரண்டு அங்குலப் பற்றாக்குறை

"அசையாம படுங்க. அசைஞ்சா குறைஞ்சிடுவீங்க," என்று அதட்டினாள் மனைவி.

கொக்கு கூடத்தில் வெறுந்தரையில் மல்லாந்து கிடந்தான். கொக்கு என்பது கூட்டாளிகள் வைத்த பெயர். பன்னிரண்டு வருடமாகக் கூடைப்பந்துதான் பிழைப்பு. சொந்த மைதானத்தில் எகிறினால் பந்தைக் கூடைக்குள் திணித்துவிட்டுத்தான் இறங்குவான். வெளி மைதானத்தில் மட்டும் பந்து விளிம்பில் இடித்துத் திரும்பிவிடும். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பான்.

அணியின் ஏட்டில் அவன் உயரம் ஆறடி ஏழு அங்குலம். நிற்க வைத்து அளந்தால் ஆறடி ஐந்துதான். சேரும்போது வாய் கூசாமல் கூட்டிச் சொன்ன இரண்டு அங்குலம் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இந்த வருடத்தோடு அவன் ஒப்பந்தம் முடிகிறது. அணியைப் புதிதாக வாங்கிய முதலாளியோ ஜவுளிக்கடைக்காரர். அளக்காமல் எதையும் வாங்கிப் பழக்கமில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு வா, ஏட்டில் உள்ள உயரம் இருந்தால் கையெழுத்து, இல்லையென்றால் வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டார்.

ஷூவுக்குள் அட்டை வைக்கலாம் என்று பார்த்தார்கள். வெறுங்காலோடுதான் அளப்பாராம்.

"காலையில மனுஷன் கொஞ்சம் உயரமா இருப்பானாம். நடமாட நடமாடத்தான் குறையுதாம்," என்று மனைவி எங்கோ படித்திருந்தாள். அதனால் விடிந்ததிலிருந்து அவனை எழுந்திருக்கவே விடவில்லை. தலையணையும் கிடையாது. மதியத்துக்குள் கழுத்து பிடித்துக்கொண்டு, தலை இடது தோள் பக்கம் சாய்ந்துவிட்டது.

"ஐயையோ, இருந்ததும் போச்சே! இப்ப ஆறடி மூணுதான் தேறும்."

"நீதானே படுக்கச் சொன்னே?"

"கழுத்தைச் சுளுக்கிக்கோன்னா சொன்னேன்?"

அவள் வெந்நீர் ஒத்தடம் கொடுக்க, அவன் மைதானக் காவலாளிக்கு போன் போட்டான்.

"அண்ணே, அந்த அளவுக் கம்பத்தை எங்கேயாவது ஒளிச்சு வெச்சிடுங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

"எதுக்குத் தம்பி?"

"அளந்தா என் பிழைப்பு போயிடும்ணே."

பந்து போடுவதைத் தவிர அவனுக்கு வேறு ஒரு வேலையும் தெரியாது. முப்பத்தைந்து வயதில் எங்கே போய் எதைக் கற்றுக்கொள்வது?

மச்சினனின் சாமான் வண்டியில் படுத்தபடியே கிளம்பினான். பின்னால் நீட்டிக்கொண்டிருந்த காலில் மச்சினன் ஞாபகமாகச் சிவப்புத் துணி கட்டிவிட்டான்.

மைதானத்தில் அளவுக் கம்பத்தைக் காணவில்லை. முதலாளி அசரவில்லை. சட்டைப் பையிலிருந்து தையல் டேப்பை உருவினார்.

"அது அஞ்சடி டேப்பாச்சே சார்," என்றார் பயிற்சியாளர். "இன்னொரு நாள் பாத்துக்கலாமே?"

"கூடை தரையிலிருந்து எவ்வளவு?"

"பத்... பத்தடி சார். எல்லா ஊர்லயும் பத்தடிதான்."

"அப்புறம் என்ன? கூடையிலிருந்து தலை வரைக்கும் அளங்க. பத்துல கழிச்சா ஆள் உயரம் வந்துடும்."

பயிற்சியாளருக்கு முகம் வெளுத்தது. கொக்கு வெறுங்காலோடு கூடைக்குக் கீழே போய் நின்றான். கம்பம் இருந்திருந்தாலாவது குதிகாலைக் கொஞ்சம் தூக்கிச் சமாளித்திருக்கலாம். இப்போது முதலாளியே குனிந்து அவன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிமிந்து நில்லுங்க!" என்று மனைவி ஓரத்திலிருந்து கத்தினாள். நிமிர்ந்தான். கழுத்து சொடக்கென்று நெட்டி முறிந்து நேரானது. கண்ணில் நீர் முட்டியது.

காவலாளி ஏணியில் ஏறி, கூடை விளிம்பிலிருந்து டேப்பைத் தொங்கவிட்டார்.

"மூணடி அஞ்சு அங்குலம்."

முதலாளி விரல் விட்டுக் கழித்துப் பார்த்தார். "ஆறடி ஏழு. ஏட்டுல இருக்கறபடியே இருக்கே! பேனாவைக் கொண்டா."

மூன்று வருடத்துக்குக் கையெழுத்தானது. மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். பயிற்சியாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு எங்கோ நழுவினார். எல்லோரும் போனபிறகும் கொக்குக்குத் தரையில் கால் பாவவில்லை.

"பாத்தீங்களாண்ணே! ஒரு பகல் படுத்ததுக்கே ரெண்டு அங்குலம் வளந்துட்டேன்!"

காவலாளி ஏணியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீங்க எங்க தம்பி வளந்தீங்க? நீங்க சேர்ந்த வருஷம், பையனுக்கு எட்டவே மாட்டேங்குதுன்னு கோச் புலம்பினாரேன்னு, நான்தான் கூடையை ரெண்டு அங்குலம் இறக்கி மாட்டினேன்."