வழி தெரிந்தவன் ஆட்சி

போன திங்கட்கிழமை காலை என் வீட்டில் ஞானியின் ஆட்சியை நிறுவினேன். சாயங்காலம் கவிழ்ந்துவிட்டது.

ஞானி நான்தான். பேர் துரைராஜ். முப்பத்திநாலு வருஷம் ரயில் ஓட்டி ரிட்டயராகி, மெட்டுகுடாவில் ஜாகை. உதவி டிரைவர் சிக்னலை உரக்கச் சொன்னால் நானும் அதையே உரக்கத் திருப்பிச் சொல்லணும், அது எஞ்சின் சட்டம். இன்னமும் தூக்கத்தில் சொல்கிறேனாம்.

ஒரு மாதமாகப் பேப்பர் படிப்பதில்லை. போனில் அரசியல் தத்துவம் கேட்கிறேன். கப்பலை யார் ஓட்டுவது என்று ஓட்டெடுப்பு வைக்காதே, வழி தெரிந்தவனிடம் சுக்கானைக் கொடு என்று பழைய கிரேக்கர்கள் சொன்னார்களாம். அடடா, நம்ம கட்சி!

எனக்குக் கண்ணில் புரை. ஆபரேஷன் வேணுமா என்று மனைவி அம்மணி வீட்டில் ஓட்டெடுப்பு வைத்தாள். மகள் ஸ்ரேயா எங்க ஊர் உருதுவில் "ஹவ் டாடி, கராலோ", ஆமா பண்ணிக்கோங்க, என்று அம்மா பக்கம் சாய்ந்தாள். ரெண்டுக்கு ஒண்ணு, தோற்றேன். தண்டவாளத்தில் எருமை நின்றபோதுகூட நடுங்காதவன், கண்ணில் கத்தி என்றதும் பயந்துபோனேன். வெளியே சொல்ல முடியுமா?

அதனால்தான் கிரேக்கர்களைக் கூப்பிட்டேன். இனி ஓட்டு செல்லாது, விஷயம் தெரிந்தவன் ஆள்வான், அது நான் என்று அறிவித்தேன். முதல் சட்டம், ஆஸ்பத்திரிப் பேச்சு நக்கோ, கூடவே கூடாது.

அம்மணி சரிங்க என்றாள். அப்போதே நான் உஷாராகியிருக்கணும். சாயங்காலம் டீயோடு மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், மௌலா அலி போகிற ரயில் லைன் பக்கம் கை காட்டினாள்.

"தெரிஞ்சவங்கதானே ஆளணும்? சிக்னல் என்னன்னு சொல்லுங்க."

கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். "டபுள் எல்லோ."

"ஒண்ணு கொடியில காயற என் மஞ்சப் புடவை. இன்னொண்ணு ஜாக்கெட்டு."

அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேப்பரை விட்டப்பவே தெரியுங்க. பயமா இருக்குன்னு எங்கிட்டச் சொன்னா என்ன? நான் கதவுக்கு வெளியவே உக்காந்திருப்பேன்."

ஆனாலும் ராஜா ராஜாதானே? முடியாது என்று தலையை ஆட்டினேன்.

அம்மணி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். நேராக நிமிர்ந்து, என் பழைய உதவி டிரைவர் மாதிரியே கையை நீட்டி, உரக்கச் சொன்னாள்.

"வியாழக்கிழமை, கண் ஆபரேஷன், கிரீன்!"

"கிரீன்!" என்றேன் நான்.