ஜமீன் கண்ணாடி விற்பனைக்கு

பழைய சாமான் என்று சொன்னால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பழங்காலத்துச் சாமான் என்று சொல்லிப் பாருங்கள், கடன் வாங்கியாவது தூக்கிக்கொண்டு போவார்கள். இந்த ஒரு விஷயம் புரிந்ததால்தான், ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் வடபழனியில் கடை போட்டு, கே.கே. நகரில் சொந்த வீடும் கட்டினேன். (பட்டம் வாங்கிய என் மருமகன் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார். குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காக.)

என் கடையில் வெறும் நாற்காலி என்று ஒன்று கிடையாது. எல்லாமே ஏதோ ஒரு திவான் உட்கார்ந்து எழுந்தவை. போன வாரம் பாலீஷ் போட்ட பெஞ்சுக்கும் ஒரு பர்மா கதை தயாராக இருக்கும்.

என் மனைவி பாக்கியம் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. படுக்கையறையில் அவளுடைய ஆளுயரக் கண்ணாடி நின்றது. தலைவாரப் போனால், அந்த அறையில் இருப்பது நான் ஒருவன்தான் என்று தினமும் காட்டியது. வியாபாரிக்கு இதெல்லாம் எதற்கு, விற்றுவிடுவோம் என்று துணிந்தேன்.

கல்யாணமான புதிதில் பாண்டி பஜாரில் வாங்கிய கண்ணாடி அது. செல்போனில் படம் பிடித்து, "ஜமீன் அரண்மனை பெல்ஜியம் கண்ணாடி, ராணியம்மா அலங்காரம் செய்துகொண்டது" என்று விளம்பரம் போட்டேன். (நாம் சொல்லச் சொல்ல போனே எழுதிக்கொள்கிறது. உண்மையா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.)

அடையாறிலிருந்து ஓர் அம்மாள் கணவரோடு வீட்டுக்கு வந்தார். என் மகள் செல்வியும் அன்று வந்திருந்தாள். ராணியின் மூக்குத்தி எப்படி மின்னும் என்பதுவரை நான் வர்ணித்து, விலை பேசி, வாசலில் டெம்போவும் வந்து நின்றுவிட்டது. அப்போது அந்த அம்மாள் கண்ணாடியின் சட்டத்தருகே குனிந்தார்.

"ஏங்க, ராணி ஸ்டிக்கர் பொட்டா வெச்சிருந்தாங்க?"

தேக்குச் சட்டத்தில் அரக்கு நிறப் பொட்டுகள் வரிசையாக இருந்தன. படுக்கும்முன் பாக்கியம் நெற்றியிலிருந்து எடுத்து ஒட்டிவைத்தவை. கடைக்குக் கண்ணாடி வந்தால் முதல் வேலையாகப் பொட்டைச் சுரண்டுகிறவன் நான். சொந்த வீட்டில் தினமும் பார்த்தும் கண்ணில் படவில்லை.

தொழில்காரன் விடுவானா?

"ராணிக்குன்னே சீமைலேர்ந்து வந்ததும்மா. அந்தக் காலத்து கோந்து, இன்னும் புடிச்சிக்கினு கீது பாருங்க."

கணவர் சிரித்துவிட்டார். கதை எப்படியோ போகட்டும், கண்ணாடி நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறோம் என்றார். அந்த அம்மாளோ ஒரு பொட்டை நகத்தால் நெம்ப ஆரம்பித்தார்.

"அதுல கை வெக்காதீங்க."

என் குரலா அது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. "என் சம்சாரம் வெச்சது" என்றேன்.

"அப்போ ராணி?"

"அவதான்."

செல்வி திரும்பிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். டெம்போக்காரருக்கு வந்து போன வாடகையை நானே கொடுத்தேன். என் வாழ்க்கையில் கைக்கு வந்த வியாபாரத்தை நானே விரட்டியது அன்றுதான்.

மறுநாள் என் விளம்பரத்தின் கீழே அந்த அம்மாள் எழுதியிருந்தார்: "விளம்பரம் பொய். பொருள் தரமாட்டார். அழுகிறார்." (அழவில்லை. பாலீஷ் வாடை கண்ணைக் கரித்தது.)

மருமகன் அதை உறவுக்கெல்லாம் படித்துக்காட்டிவிட்டார். இப்போது செல்வி போன் செய்தால், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன் ராணியைத்தான் விசாரிக்கிறாள்.

"இன்னாப்பா பண்றாங்க ராணி?"

"அலங்காரம் இன்னும் முடியல" என்பேன். பின்னாலிருந்து மருமகன் சிரிப்பது கேட்கும். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை நான் போனை வைப்பதில்லை.