பெட்டிக்கடையின் இடது படி

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றெல்லாம் பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். நன்றாகவே தெரியும். வேலை தாமதமானால் டாக்டர்களிடம் "கெளம்பிடுச்சு சார், மின்ட்டு பஸ் ஸ்டாண்டாண்ட வந்துகினு கீது" என்று கூசாமல் சொல்லியிருக்கிறேன். ஆனால் என் கையால் செய்த ஒரு பொருளைப் பார்த்து யாராவது "இங்க தப்பா இருக்கே" என்று சொல்லிவிட்டால் போதும். எனக்குள் ஒரு கிறுக்கன் எழுந்து உட்கார்ந்துகொண்டு உண்மையைத் தவிர வேறெதுவும் பேச மாட்டான். அந்தக் கிறுக்கன் என் கல்யாணத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டான்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு லேபில் பொய்ப் பல் செய்வது என் தொழில். (பல் டாக்டர் இல்லை. டாக்டர் வாயை அச்செடுத்து அனுப்புவார். செட்டைச் செய்து கொடுக்கிறவன் நான்.) எங்கள் தொழிலில் முதல் பாடமே இதுதான்: பொய்ப் பல் நிஜம் மாதிரி இருக்க வேண்டுமானால், ரொம்ப அழகாக இருக்கக் கூடாது. பக்கத்துப் பல்லில் டீக்கறை இருந்தால் இதிலும் இருக்க வேண்டும். பக்கத்துப் பல் கோணல் என்றால் இதுவும் ஒரு நூல் கோண வேண்டும். வாழ்க்கையில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட ஒரே பாடம் அதுதான். வினையாகிப் போனதும் அதுதான்.

லேபுக்கு எதிரே இருந்த ஜவுளிக்கடையில் பில் போட்ட ஜெசிந்தாவும் நானும் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவு செய்தோம். அவள் அப்பா அருளப்பன், ராயபுரத்துக்காரர். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை யார்டில் டீசல் இன்ஜின் ஓட்டுகிறவர். (தொழிற்சாலை பெயர் வேண்டாம், இன்னும் அங்கே அவருக்கு சிநேகிதர்கள் இருக்கிறார்கள்.) மகளுக்கு ரயில்வேயிலோ துறைமுகத்திலோ மாப்பிள்ளை பார்க்க நினைத்திருந்த மனிதரிடம் ஜெசிந்தா என்னைப் பற்றிச் சொன்னாள்.

"ஊரான் வாயிலல்லாம் கைய வுடுவானே, அவனா?" என்றாராம்.

"வாயிலல்லாம் வுட மாட்டாருப்பா. அச்சு மாவுலதான்."

"நான் ரிட்டையர் ஆவறேன், அப்பாலிக்கா பாக்கலாம்" என்று முடித்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதையே நான் பாதி சம்மதமாக எடுத்துக்கொண்டேன். மீதிப் பாதிக்கு ஒரு திட்டம் போட்டேன். ரிட்டையர்மென்ட் விழாவில், அவர் ஓட்டிய இன்ஜினையே சின்னதாகச் செய்து அவர் கையில் கொடுப்பது. மனிதர் உருகி, மேடையிலேயே "மாப்ள" என்று கட்டிக்கொள்வார். அந்தக் காட்சியை நினைத்து நானே இரண்டு தடவை கண் கலங்கினேன்.

அவர் ஓட்டிய வண்டி மாதிரி இன்னொன்று உலகத்தில் கிடையாது. பிறந்தபோது நடுவில் கேபினும் முன்னும் பின்னும் ஒரே அளவு மூக்குமாகத்தான் இருந்ததாம். ஒரு தடவை பின் மூக்கு எரிந்துபோக, அதை வெட்டிவிட்டு, எடைக்காக கான்கிரீட் ரொப்பிய ஓர் இரும்புப் பெட்டியை அங்கே வைத்துவிட்டார்கள். கேபின் ஜன்னலுக்கு யார்டு வெல்டர் வீட்டு ஜன்னல் கிரில்லையே வெட்டிப் பொருத்தியிருந்தார், பூ டிசைனோடு. ஏறும் படிகளும் மெல்லிய தகட்டில் அவர் அடித்தவைதான். முன்விளக்கு ஏதோ ஒரு லாரியுடையது. யார்டில் எல்லோரும் அதைப் 'பெட்டிக்கடை' என்றுதான் கூப்பிட்டார்கள். பார்த்தால் நமக்கே பாக்கு வாங்கத் தோன்றும்.

வரைபடமெல்லாம் எங்கேயும் கிடையாது. நேரில் போய் அளந்தால்தான் உண்டு. அருளப்பன் லீவில் இருந்த ஒரு நாள், டில்லி அண்ணன் கேட்டில் பேசி என்னை உள்ளே அழைத்துப் போனார். டில்லி அண்ணன் வியாசர்பாடிக்காரர். கொடியும் கையுமாக அந்த வண்டிக்கு முன்னால் நடப்பது அவர் வேலை, அருளப்பனுக்கு உயிர் தோஸ்து.

நான் டேப் வைத்து அளந்தேன். பல் லேபிலிருந்து கொண்டுபோன கருவிகளை வைத்து அளந்தேன். இடது பக்கம் கேபினுக்கு ஏறும் படியின் தகடு ஓரிடத்தில் உள்வாங்கி இருந்தது. அந்தப் பள்ளத்தில் கிரீம் நிறத்தில் ஒரு தீற்றல். எனக்கு வாயில் எச்சில் ஊறிவிட்டது. உடனே பல் அச்செடுக்கும் மாவைப் பிசைந்து அந்தப் பள்ளத்தில் அப்பினேன்.

"டேய், அத்த இன்னாத்துக்குடா எடுக்கற?" என்றார் டில்லி அண்ணன். "அந்தாண்ட போ. அந்தப் பக்கம் ஷோக்கா கீது."

"இதுதாண்ணா உயிரு."

"உயிருதான்" என்றவர், அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். "சொன்னா கேளு நைனா. அது வாணாம். நல்லதா நாலு பார்த்து செய்யி."

பாவம், கலை தெரியாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டு, ஷேட் கார்டை எடுத்தேன். (வெள்ளையிலிருந்து பழுப்பு வரைக்கும் வரிசையாகப் பொய்ப் பற்களைச் செருகிய அட்டை அது. நோயாளியின் பல்லோடு வைத்து நிறம் பார்ப்பதற்கு.) தீற்றலின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஏ-த்ரீ. அச்சாக ஏ-த்ரீ பல்லின் நிறம்.

நான்கு மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து செய்தேன். இருபத்து நான்கு அடி வண்டி, சரியாக ஓர் அடியில். உடம்பெல்லாம் ஈறு செய்கிற ரோஸ் பிளாஸ்டிக். கைப்பிடிக் கம்பி, பல் செட்டுக்குக் கொக்கி போடுகிற கம்பி. கேபின் கண்ணாடி, கழுவி வெளுத்த எக்ஸ்ரே பிலிம். பூ கிரில்லுக்கு மட்டும் பதினோரு நாள் ஆனது. பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் பார்த்த ஜெசிந்தா, "இன்னா லூர்து, எங்கப்பா வண்டிய தோல உரிச்சி வெச்சா மாதிரி கீது" என்றாள்.

வண்டியின் முன்னால் வரும், இடித்தால் தாங்குகிற ஸ்ப்ரிங் பஃபர்களைப் பல் கேப் வார்க்கும் மெஷினிலேயே வார்த்தேன். ஒரு நாள் தண்டையார்பேட்டை டாக்டர் போன் செய்து, "லூர்து, நீ அனுப்பின கடவாய்ப் பல்லுல ஸ்ப்ரிங் இருக்கேப்பா" என்றார். அவருடைய நோயாளியின் கடவாய்ப் பல், அதற்குள் என் இன்ஜினின் மூக்கில் ஒட்டப்பட்டு, கறுப்புப் பெயின்ட்டும் அடித்து முடிந்திருந்தது.

விழா தொழிற்சாலை கேன்டீனில். பின்னால் பிரியாணி அண்டா. முன்னால் மேடை. மேனேஜர் மைக்கைப் பிடித்தார். "முப்பத்தோரு வருஷம். வண்டியிலயும் ஒரு கீறல் இல்ல, அருளப்பன் பேர்லயும் ஒரு கீறல் இல்ல" என்று சொல்லி, விபத்தில்லாத சேவைக்கான கேடயத்தைக் கொடுத்தார். கைதட்டல் அடங்கியதும் நான் மேடையேறித் துணியை விலக்கினேன்.

அருளப்பன் கிட்டே வந்தார். விரலால் பூ கிரில்லைத் தொட்டார். லாரி விளக்கைத் தொட்டார். "எம் பெட்டிக்கட" என்றார், குரல் உடைந்துவிட்டது. முன்வரிசையில் ஜெசிந்தா அழுதுகொண்டிருந்தாள். எனக்கு 'மாப்ள' என்ற சொல்லின் முதல் எழுத்து காதிலேயே கேட்டுவிட்டது.

அப்போது மேனேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"பிரமாதமா செஞ்சிருக்கீங்க தம்பி. இந்தப் படி மட்டும் கொஞ்சம் நசுங்கிடுச்சு. கொண்டு வரும்போது எங்கயாவது பட்டிருக்கும்."

நல்ல மனிதர். நான் தப்பிக்கக் கதவை விரியத் திறந்து வைத்தார். 'ஆமா சார்' என்று இரண்டே சொல் சொல்லியிருந்தால் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்திருப்பேன். ஆனால் மைக் என் கையில் இருந்தது. கிறுக்கன் எழுந்துவிட்டான்.

"இல்ல சார். அது ஒரிஜினல்லயே அப்படித்தான் இருக்கு."

"தம்பி, அது நெழலுபா" என்றார் அருளப்பன் அவசரமாக.

"நெழல் இல்ல அங்கிள். அச்சு எடுத்து செஞ்சேன். ஒம்பது இஞ்ச் நீளம், ஒண்ணேகால் இஞ்ச் ஆழம்."

"துரு சார், உப்புக் காத்து" என்று கீழேயிருந்து டில்லி அண்ணன் கத்தினார்.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "துரு இல்லண்ணா, வேற ஏதோ வண்டியோட பெயின்ட்டு. ஷேட் கார்டு வெச்சுப் பாத்தேனே, நீங்களும் கூட இருந்தீங்களே. ஏ-த்ரீ. நல்ல கிரீம் கலரு."

மைக்கில் சொன்னேன். கேன்டீன் முழுக்கக் கேட்டது. மேனேஜர் மெதுவாக நிமிர்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். அவர் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். வேப்பமரத்தடியில் அவருடைய கார் நின்றுகொண்டிருந்தது. கிரீம் கலர்.

எனக்கு அப்போது தெரியாத கதை இதுதான். இரண்டு வருஷம் முன்னால் யார்டுக்குள் அந்தக் காரை எதுவோ இடித்துக் கதவை நசுக்கிவிட்டது. மேனேஜர் தாம்தூம் என்று குதித்து விசாரணை வைத்தார். பார்த்த சாட்சி ஒரே ஒருவர், அருளப்பன். "லாரி சார். நெம்பர் பாக்கறதுக்குள்ள போய்ட்டான்" என்று சொல்லியிருக்கிறார்.

"லாரின்னு சொன்னீங்களே அருளப்பன்" என்றார் மேனேஜர். அருளப்பன் கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

நிலைமை புரிந்துவிட்டது. காப்பாற்றியாக வேண்டும். முப்பத்தோரு வருஷப் பெயர், என் கல்யாணம், எல்லாம் போகிறது. நான் மறுபடி மைக்கைத் தூக்கினேன். (யாராவது பிடுங்கியிருக்கலாம்.)

"சார், அவர் மேல தப்பே இல்ல. வண்டி தண்டவாளத்த விட்டு எறங்கி வராது பாருங்க. பள்ளம் இருக்கற எடத்த வெச்சுக் கணக்குப் போட்டா, கார்தான் தண்டவாளத்துலேர்ந்து ஒண்ணரை அடிக்குள்ள வந்து நின்னிருக்கு. கோணலா வேற."

பிறகுதான் டில்லி அண்ணன் சொன்னார்: தண்டவாளத்துக்குப் பத்தடிக்குள் எந்த வண்டியும் நிறுத்தக் கூடாது என்று யார்டு முழுக்க போர்டு வைத்ததே இந்த மேனேஜர்தான். விசாரணையில் தன் கார் கேன்டீன் வாசலில் நின்றிருந்ததாகக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். அருளப்பனைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"பிரியாணி ஆறிடப் போகுது" என்றார்.

அதோடு அந்த விசாரணை முடிந்தது. கேடயத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. எனக்கும் யாரும் பிரியாணி போடவில்லை. மூன்று வாரம் அருளப்பன் வீட்டில் என் பெயரை எடுக்கக் கூடாது என்று உத்தரவு. வண்டியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறார் என்று ஜெசிந்தா சொன்னாள். தூக்கிப் போடவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றாள். அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு மூன்று வாரம் ஓட்டினேன்.

நான்காவது வாரம் அவரே லேபுக்கு வந்தார். மேஜை மேல் சிரித்துக்கொண்டிருந்த செட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நெழலுன்னு சொன்னேன்ல. ஆமான்னு சொல்லிட்டுப் போவ வேண்டியதுதான நைனா?"

"நெழல் இல்லையே அங்கிள்."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ரெண்டு வருஷமா எத்தினி ஆபீசரு அந்த வண்டிய செக் பண்ணிகினு போனான். ஒருத்தன் கண்ணுலயும் அது படல. உனுக்குப் பட்டுச்சு. எம் பொண்ணு மூஞ்சி ஒரு நாள் வாடி கெடந்தாலும் உனுக்குத் தெரியும். தெரிஞ்சா தெரியாத மாரி நடிக்கவும் உனுக்கு வராது. எனுக்கு அது போதும்." எழுந்தவர் வாசலில் நின்றார். "ஆனா ஒண்ணு. கல்யாணம் முடியற வரிக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது."

சத்தியமாகத் திறக்கவில்லை. ஆனால் அவர் என்னை நம்பவில்லை. எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். மாப்பிள்ளை பெண் பெயரைச் சொல்லி, இந்தத் திருமணத்துக்கு ஏதாவது தடை இருப்பது யாருக்காவது தெரிந்தால் அறிவிக்க வேண்டும் என்று சாமியார் கேட்பார். முதல் ஞாயிறு அவர் அதைக் கேட்டு முடிப்பதற்குள், பின் பெஞ்சிலிருந்து ஒரு கை வந்து என் வாயைப் பொத்தியது. முப்பத்தோரு வருஷ டீசல் வாசனை அடித்தது. கோயிலே சிரித்துவிட்டது, சாமியார் அடுத்த வரியை இரண்டு தடவை வாசித்தார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாருக்கு ஓலை வாசித்தாலும் எனக்கு ஆள் போட்டுவிடுகிறார்கள். போன மாதம் ஜெசிந்தாவின் தம்பிக்கு வாசித்தார்கள். வலப்பக்கம் மாமனார். இடப்பக்கம் டில்லி அண்ணன். டில்லி அண்ணன் கிறிஸ்தவரே கிடையாது. என் வாயைப் பொத்துவதற்காகவே வியாசர்பாடியிலிருந்து காலையில் ஆட்டோ பிடித்து வந்திருந்தார்.