கொழுந்தோடு போன துரைசாணியின் அம்மா

எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு சரி. ஞாபகமும் அங்கங்கே விட்டுப்போகிறது. முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் செய்த இந்தக் கூத்தை மட்டும் மறக்கவில்லை. வீட்டில் மறக்க விட்டால்தானே.

அப்போது எனக்குப் பதினாறு வயசு. இலங்கையில் பூண்டுலோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், வெள்ளைக்காரத் துரை இருந்த காலம். அவர் சம்சாரத்தைத் துரைசாணி என்போம். பங்களாவில் தூசு தட்டவும் துணி மடிக்கவும் என்னைச் சேர்த்திருந்தார்கள். நான் வாயைத் திறக்கமாட்டேன். அதனாலேயே துரைசாணிக்கு என்னைப் பிடிக்கும். (வாய் சும்மா இருந்தால் கையும் சும்மா இருக்கும் என்று நினைத்துவிட்டார், பாவம்.)

மழைக்காலத்தில் பங்களாவில் எல்லாச் சாமானும் பூஞ்சணம் பிடிக்கும். ஒருநாள் துரைசாணி பழைய ஆல்பம் ஒன்றைக் கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் விரித்து, துடைக்கச் சொன்னார். எல்லாம் அவர் பிறந்த ஊர்ப் படங்கள். இங்கிலாந்தில் கென்ட் என்று ஒரு பகுதியாம். ராஜா ராணியெல்லாம் இருப்பார்கள் என்று பார்த்தால், பால் வண்டிக்காரன், துணி துவைக்கிற பொம்பளை, சேற்றில் நிற்கிற பிள்ளைகள். (வெள்ளைக்காரப் பிள்ளைக்குக்கூடக் காலில் சேறு ஒட்டுமா என்று அசந்துபோனேன்.)

ஒரு படத்தில் உயரமான கம்புகளில் கொடி படர்ந்திருந்தது. தலையில் துணி கட்டிய பெண்கள் நின்று எதையோ பறித்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்றவளின் கைக்கு எட்டும் உயரத்தில், மரப்பெட்டிக்குள் ஒரு குழந்தை.

"இது என் அம்மா," என்றார் துரைசாணி, தனக்குத் தெரிந்த தமிழில். "பெட்டிக்குள்ள நான். பியருக்குப் போடுற பூ, அது பறிக்கிறாங்க. அம்மா சின்ன வயசு படம் இது ஒண்ணுதான் இருக்கு."

மற்றத் தோட்டத்துத் துரைசாணிகள் வந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் சேர்த்துப் பிடித்துத் தள்ளிவிடுவார். அதையும் பார்த்திருக்கிறேன்.

இதை நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், லயத்தில், வந்து சொன்னேன். என் தாய்மாமன் சம்சாரம் பாக்கியம் அத்தை சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"தொரயோட மாமியா கூடையும் கையுமா நின்னாங்களாக்கும். அப்ப நாளைக்குக் காலையில வேலை பிரிக்கிற பெரட்டுல தொர நம்மளக் கண்டா கும்பிடணுமே."

"கண்ணால பாத்தேன் அத்தை."

"பங்களாச் சோறு திங்கிறதுல, ஒனக்குக் கனாவும் இங்கிலீசுல வருது புள்ள."

அதுதான் என்னைச் சுட்டது. மறுநாள் மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போது அந்தப் படத்தை உருவி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, நேரே அத்தை கொழுந்து பறிக்கிற ஏழாம் நம்பர் மலைக்குப் போனேன். நாலு மணிக்குப் பக்கத்துத் தோட்டத்துத் துரைசாணி தேத்தண்ணிக்கு வருகிறார்; ஆல்பத்தை எடுப்பார்கள். அதற்குள் திருப்பி வைத்துவிடலாம் என்று கணக்கு. எங்கள் துரைசாணிக்கு அம்மாவின் சின்ன வயசுப் படம் அது ஒன்றுதான். தொலைத்தால் என்ன முகத்தோடு பங்களாவுக்குள் போவது?

மலையில் கொழுந்துக்காரப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். கறை பிடித்த விரல்களால் ஓரத்தை மட்டும் பிடித்து, கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். அத்தைதான் முதலில் பேசினார்.

"நெசந்தான். ஆனா இவ பறிக்கிற லச்சணத்தப் பாரு. ஒரு கை பறிக்குது, இன்னொரு கை சும்மா கெடக்கு. நம்ம கங்காணி கண்டிருந்தா அரைப்பேருதான் போட்டிருப்பாரு."

(கொழுந்து குறைந்தால் முழுநாள் நின்றவளுக்கும் அரைநாள் சம்பளம் என்று எழுதுவதுதான் அரைப்பேர்.)

சிரிப்பு அடங்குவதற்குள் மலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா மேலே ஏறி வந்தார். அத்தை படத்தைப் பிடுங்கித் தன் கூடைக்குள் கொழுந்துக்கு அடியில் சொருகினார். கண்டாக்கையா வந்த வேகத்துக்கு உடனே நிறுவை. கூடை நிறுத்தாயிற்று, சாக்கில் கொட்டியாயிற்று, சாக்கு லொறியில் ஏறியாயிற்று. நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை காலிக் கூடையைப் பார்த்தார்.

"என்னய ஏன் புள்ள பாக்கிற? ஓடு."

குறுக்குவழியில் விழுந்து எழுந்து ஃபேக்டரிக்குப் போனேன். மேல்மாடியில் தட்டுத் தட்டாகக் கொழுந்தைப் பரப்பி வாடப் போட்டிருந்தார்கள். ஒரு தட்டா இரண்டு தட்டா, கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை. ஃபேக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா மறித்தார்.

"பொம்பளப் புள்ளைக்கு இங்க என்னம்மா சோலி?"

பதினாறு வருசத்தில் அந்நிய ஆம்பளையிடம் நான் சொன்ன முதல் வாக்கியம் இதுதான்: "ஐயா, தொரசாணியோட அம்மா கொழுந்துக்குள்ள இருக்காங்க."

அவர் பக்கத்தில் இருந்த பெட்டியில் உட்கார்ந்துவிட்டார்.

விசயத்தை விளக்கியதும், ஆளுக்கொரு தட்டாகத் தேடினோம். அந்த நேரம் துரை வந்தார். வழக்கம்போல ஒரு தட்டிலிருந்து கொழுந்தை இரண்டு கையாலும் அள்ளி மூக்குக்குக் கொண்டுபோனார். கொழுந்தோடு மாமியாரும் வந்தார். துரை மாமியாரைப் பார்த்தார், டீமேக்கரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். படத்தைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு பங்களாவுக்கு நடந்தார். பத்தடி பின்னால் நான், அழுதுகொண்டு.

விருந்தாளி வந்து உட்கார்ந்திருந்தார். துரை படத்தை மேசையில் வைத்தார். ஈரமும் சூட்டுக் காற்றும் பட்டு வாடிய கொழுந்து மாதிரியே சுருண்டிருந்தது. ஒரு மூலையில் பச்சைக் கறை. துரைசாணியின் முகம் வெளுத்துவிட்டது.

"ஏன் எடுத்தே?"

"நம்ப மாட்டேன்னாங்க."

"இப்ப நம்புறாங்களா?"

தலையாட்டினேன்.

"என்ன சொன்னாங்க?"

அப்போதாவது என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "ஒரு கையால பறிக்கிறதுனால அரைப்பேருதான் போடணும்னு சொன்னாங்க."

முதலில் சிரித்தது துரை. பிறகு துரைசாணி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. விருந்தாளி என்னவென்று கேட்க, துரைசாணி படத்தை நீட்டி இங்கிலீசில் பதில் சொன்னார். 'மதர்' என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. அந்தப் படத்தை அவர் மறைக்காமல் காட்டி நான் பார்த்தது அன்றுதான்.

அதற்காக என்னைச் சும்மா விட்டுவிடவில்லை. ஒரு வருசம் விருந்தாளி உட்காரும் ஹோலுக்குள் கால் வைக்கக் கூடாது என்று அடுப்படிக் குசினியோடு நிறுத்திவிட்டார்கள். படமும் நிமிரவில்லை, எதை ஏற்றி வைத்தாலும் ஆல்பத்தில் படிய மறுத்தது. கடைசியில் கண்ணாடிச் சட்டத்துக்குள் நெருக்கிப் பூட்டி, கணப்புக்கு மேலே மாட்டினார்கள். வருகிற துரைமார் எல்லாரும் அந்த அம்மாள் பூப் பறிப்பதைப் பார்த்துக்கொண்டுதான் தேத்தண்ணி குடித்தார்கள்.

துரைசாணி நடந்ததைத் தன் அம்மாவுக்கு எழுதியிருந்தார்; நாலு மாசம் கழித்து இங்கிலாந்திலிருந்து அந்த அம்மாளின் பதில் கடிதம் வந்தது. துரைசாணி குசினிக்கே வந்து படித்துச் சொன்னார்: "இன்னொரு கை சும்மா இல்லை, பெட்டியை ஆட்டியிருக்கு. உன் அத்தைக்கிட்ட சொல்லு."

சொன்னேன். அத்தை கூடையை இறக்கி வைத்தார்.

"அப்ப முழுப்பேருதான். கங்காணிக்கிட்ட நான் பேசுறேன்னு எழுதச் சொல்லு."

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது ஒரு கையால் வேலை செய்தால், "இன்னொரு கை எந்தப் பெட்டிய ஆட்டுது?" என்றுதான் கேட்பார்கள். மருமகள்கூடக் கற்றுக்கொண்டாள், அதுவும் என்னைப் பார்த்தே கேட்கிறாள்.

அந்த ஊர் கென்ட்தானா, பியருக்குப் போடும் அந்தப் பூவுக்கு என்ன பெயர், அதை எந்த மாசத்தில் பறிப்பார்கள் என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். அரைப்பேர் விசயத்தில் மட்டும் கைவைக்க வேண்டாம். அது எனக்கு நன்றாகத் தெரியும்.