முனி குந்தின பருப்புச் சட்டி

செவ்வாய்க்கிழமை விடிந்தால் போதும், செஞ்சிக் கோட்டை அடிவாரத்து மண்டபத்துக்குப் போகிற வழியில் எறும்பு நடக்கக்கூட இடம் இருக்காது. சட்டி தூக்கினவள், பானை தூக்கினவள், அடுப்புக் கல்லையே பெயர்த்துக் கூடையில் சுமந்து வந்தவள், அப்படி ஒரு கூட்டம். தேர் பார்க்கவா? இல்லை. வேகாத துவரம்பருப்பை வேகவைத்துத் தருகிற அடுப்படி சாமியாரைப் பார்க்க.

சிரிக்காதீங்க கண்ணுங்களா. சீனாக்காரன் சண்டை ஓய்ந்த மறு வருஷம் அது. மனுஷனை ராக்கெட்டில் ஏற்றி வானத்தைச் சுற்றவிட்டுக்கொண்டிருந்த காலம். நாம் இங்கே பருப்புக்குப் பேய் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

சாமியார் சொன்ன சங்கதி இதுதான். ராசா காலத்துச் சண்டையில், கோட்டைக்குள்ளே பட்டினி கிடந்து செத்த சிப்பாய் ஒருத்தன் நெல்லுக் களஞ்சியத்தில் முனியாகிவிட்டானாம். அத்தனை வருஷத்துப் பசி. இப்போது தெருவுக்குள் இறங்கி, ராசி கெட்ட பொம்பளை கை பட்ட அடுப்பாகப் பார்த்துக் குந்திக்கொள்கிறானாம். அவன் குந்தின அடுப்பில் அரிசி வேகும், கீரை வேகும், பருப்பு மட்டும் வேகாதாம்.

பரிகாரம் ஒரு பொட்டலம் முனிமாவு. காணிக்கை ஒரு படி துவரம்பருப்பு, ஒரு கோழி. வேகாத பருப்பை வாங்கிச் சாமியார் என்ன செய்வார் என்று கேட்காதீர்கள். அவர் தொந்தியைப் பார்த்தால் விளங்கிவிடும்.

"மாவு சாதா பச்சரிசி மாவுதான். அதுல ஏத்தினேன் பாரு மந்திரம், அதுக்குத்தான் முனி பயப்படுவான்" என்பார். கூடவே விரதம் உண்டு. முதல் நாளே பருப்பை ஊறப்போட வேண்டும். முனிக்கு உப்பும் புளியும் ஆகாது, பருப்பு மசிகிறவரைக்கும் அந்த ரெண்டின் பேரையும் எடுக்கக் கூடாது. உப்பையும் புளியையும் முன்னாடியே கொட்டினால் பருப்பு விறைத்துக்கொள்ளும் என்பது அடுப்படியில் நின்ற யாருக்கும் தெரியும். அதையே கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் அருள்வாக்கு!

"ஏன் சாமி பருப்பு மட்டும்?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை, ஒருத்தியைத் தவிர. அவள்தான் பவுனம்மாள்.

தை மாசம் தளவானூரிலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் கலியபெருமாள் மல்லாட்டை மண்டியில், அதான் நிலக்கடலை மண்டியில், மூட்டை தூக்குகிறவன். நூறு கிலோ மூட்டையை முதுகில் ஏற்றுவான், அம்மாவுக்கு எதிரே ஒரு வார்த்தையை வாயிலிருந்து இறக்கமாட்டான். அம்மா கமலாம்பாள், மருமகள் வைத்த முதல் சாம்பாரிலேயே பருப்பு பல்லில் கடிபட்டதை இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து எத்தனை சுள்ளி எரித்தாலும் பருப்பு பருப்பாகவே கிடந்தது.

அவள் வீட்டில் மட்டுமா? தெரு முழுக்க இதே கதை. ஆனால் வீட்டுக்கு வீடு ஒரு குற்றவாளி கிடைத்துவிட்டாள். இந்த வீட்டில் மருமகள், அந்த வீட்டில் வாழாமல் வந்த நாத்தனார், எதிர்வீட்டில் தாலியறுத்த ஓரகத்தி. பருப்பு வேகாததற்கு ஒரு ஆம்பளை காரணம் என்று எந்த முனியும் இதுவரை சொன்னதில்லை, கவனித்தீர்களா?

மாமியார் மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போன அன்றைக்குத்தான் பவுனம்மாள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "சாமி, அவ்ளோ பசியில இருக்கிற முனி, சோத்த வேகவுட்டுட்டுப் பருப்ப மட்டும் ஏன் புடிச்சுக்கினு இருக்கான்?"

கூட்டத்தில் நாலு பேர் களுக்கென்று சிரித்துவிட்டார்கள். சாமியார் முகம் சுண்டியது. கண்ணை மூடினார், உடம்பை உதறினார், வாக்கு வந்தது.

"கமலாம்பா! இந்தக் கை உன் வீட்டுல இருக்கிறவரைக்கும் மாவு பலிக்காது. அடுத்த செவ்வா இவளத் தாய்வீட்டுக்கு ஓட்டு. உம்புள்ளைக்கு வேற கை பாரு."

ஒரு கேள்விக்கு ஒரு வாழ்க்கை. அன்று ராத்திரி கலியபெருமாள் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். "இன்னா, நீயும் ஒண்ணும் சொல்லமாட்டியா?" என்றாள். "சாமி வாக்காச்சே" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் அவன் அழுக்குச் சட்டையை எடுத்துக்கொண்டு தெருக்கிணற்றடிக்குப் போனாள். அழுகையை எல்லாம் சோப்பின்மேல் காட்டித் தேய்த்தாள். பாதிக் கட்டி கரைந்தது, நுரை மட்டும் வரவில்லை. தயிர் திரிந்த மாதிரி வெள்ளைத் திப்பிதான் துணியில் ஒட்டியது.

அடுத்த கல்லில் துவைத்துக்கொண்டிருந்த செல்லம்மாளிடம் கேட்டாள். "யக்கா, உனுக்கு நுரைக்குதா?"

"எங்கடி நுரைக்குது? கொளத்துல தொவைக்கச்சே பூவா பொங்கும். இங்க பாறைய வெடிவச்சுத் தோண்டி, தைமாசம் தேங்கா உடைச்சாங்களே, அதுலேந்து இப்படித்தான்."

"அப்ப முனி சோப்புமேலயும் குந்திக்கினான் போல."

சொல்லிவிட்டுத்தான் அவளுக்கே சுருக்கென்றது. தை மாசம்! தானும் தையில்தான் வந்தாள், கிணறும் தையில்தான் வந்தது. அதுவரைக்கும் தெருவே கோட்டைக் குளத்திலிருந்துதான் தண்ணீர் சுமந்தது. குளத்துத் தண்ணீர் கலங்கல். கிணற்றுத் தண்ணீரோ கண்ணாடி, அடியில் கிடக்கிற காசு தெரியும். வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டுத் தோண்டின கிணற்றின்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? அதுவுமில்லாமல் மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பலாம், கிணற்றை எங்கே அனுப்புவது?

கொஞ்சம் குளத்துத் தண்ணீர் மொண்டு வந்து, வெள்ளைத்துணியில் வடிகட்டினாள். ஒரு பிடி பருப்பை ஊறவைத்து, அந்தத் தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை மஞ்சளும் ரெண்டு சொட்டு விளக்கெண்ணெயும் விட்டு அடுப்பேற்றினாள். பருப்பு பூவாக மலர்ந்தது. மத்து வேண்டியிருக்கவில்லை, கரண்டிக் காம்பே போதும்.

ஓடிப்போய் மாமியாரிடம் காட்டினாள். "அத்த, பாரு! தண்ணிதான் காரணம்."

கமலாம்பாள் விரலால் நசுக்கிப் பார்த்தாள். மசிந்தது. விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "முனி அசந்து தூங்கியிருக்கும்" என்றாள்.

செவ்வாய் வந்தது. பவுனம்மாளின் துணிமூட்டையை மாமியார் தூக்கிக்கொண்டாள். பவுனம்மாள் இடுப்பில் ஊறின பருப்போடு ரெண்டு சட்டி, கையில் ஒரு தூக்குக் கிணற்றுத் தண்ணீர். அப்போது கலியபெருமாள் ஒரு காரியம் செய்தான். வாய் திறக்காமல் குளத்துத் தண்ணீர்க் குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு பின்னால் நடந்தான். அவனால் முடிந்தது மூட்டை தூக்குவது, அதைச் செய்தான்.

"இன்னாம்மா, கிளம்பிட்டியா?" என்றார் சாமியார், மூட்டையைப் பார்த்துக் குளிர்ந்துபோய்.

"கெளம்பிடறேன் சாமி. அதுக்கு முன்ன ஒரு தபா பருப்பு வேகவச்சுப் பார்த்துக்கறேன். ஒரு சட்டி உங்களுது. எங்க அத்த கையால, சுத்தமான கை, கிணத்துத் தண்ணி ஊத்தி ஏத்தட்டும். நீங்க மாவு போடுங்க. இன்னொரு சட்டி என்னுது. ராசி கெட்ட கை, கொளத்துத் தண்ணி, மந்திரம் கிடையாது. ரெண்டும் ஒரே பருப்பு, முதல்நாளே ஊறினது."

"இன்னா சாமி, வெச்சுக் காட்டுங்க!" என்று கூட்டம் கத்தியது. வேடிக்கை என்றால் நம் ஜனத்துக்குப் பக்திகூட அப்புறம்தான். சாமியார் மடியிலிருந்த பொட்டலத்தைத் தொட்டார்.

"அது வாணாம் சாமி" என்று ஒரு கிண்ணத்தை நீட்டினாள் பவுனம்மாள். "எங்க வீட்டுப் பச்சரிசி மாவு. மாவு சாதா மாவு, மந்திரந்தான் மகிமைன்னு நீங்கதானே சொன்னீங்க. இதுலயே மந்திரத்த ஏத்துங்க."

சாமியார் கிண்ணத்தைப் பின்னுக்குத் தள்ளினார். "முனி... கும்பல்ல கூச்சப்படுவான்."

"பொம்பளைங்க அடுப்புல குந்தறவனுக்கு இன்னா சாமி கூச்சம்?" என்றாள் செல்லம்மாள். கூட்டம் கொல்லென்றது.

வேறு வழியில்லை. ஓம் என்றார், க்ரீம் என்றார், மாவைத் தூவினார். ரெண்டு அடுப்பும் எரிந்தன. அரைமணி ஆனது. நடுவில் சாமியாரின் கை மெதுவாக மடிக்குப் போனது.

"கைய மேல வைங்க சாமி, எல்லாரும் பார்க்கறாங்க" என்றாள் பவுனம்மாள்.

ஒரு மணி நேரம் கழித்துச் சட்டிகளை இறக்கினார்கள். பவுனம்மாளின் பருப்பு வெண்ணெயாக வழிந்தது. சாமியாரின் பருப்பு மாவுக்கஞ்சியில் நீச்சலடித்துக்கொண்டிருந்தது. கமலாம்பாள் ஒன்றை எடுத்துப் பல்லில் வைத்தாள். கடக்!

சாமியார் எழுந்த வேகத்தில் மடிப்பொட்டலம் அவிழ்ந்து கொட்டியது. கூட்டத்தில் மளிகைக்கடை ரியாசுதீன் இருந்தார். ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துக் காறித் துப்பினார்.

"அட, இது ஆப்பசோடாம்மா! மாசத்துக்கு ரெண்டு டப்பா இவரு ஆளு நம்ம கடையிலதான் வாங்கிக்கினு போறான். போண்டா வியாபாரம் போலன்னு நெனைச்சேன்."

"ஏன் பாய், சோடா போட்டா வெந்துடுமா?" என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள்.

"பாறைக் கிணத்துக் கல்லுத்தண்ணிலயும் வெந்துடும். ஆனா பருப்பு வழவழன்னு போயி, வாசம் செத்துப்போகும். நல்ல தண்ணி இருக்கிறப்ப எதுக்கு?"

கலியபெருமாள் வாயைத் திறந்தான். அம்மாவுக்கு எதிரே, ஊர் முன்னால், அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை. "யோவ், நீ யாருய்யா?"

அவன் தோளின் அகலத்தைப் பார்த்ததும் சாமியாரின் அருள் மலையேறிவிட்டது. "திண்டிவனத்துல ஓட்டல் சரக்கு மாஸ்டருங்க, சமையக்காரன். பன்னெண்டு வருஷம்." ஜடையை ஒரு கையிலும் வேட்டியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு அவர் ஓடின ஓட்டத்தைக் குதிரைப்படைகூட ஓடியிருக்காது. காணிக்கைக் கோழிகள் பின்னாலேயே கொக்கரித்தன.

கமலாம்பாள் துணிமூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தப்பு என்று சொல்ல அவள் நாக்குக்குப் பழக்கமில்லை. "வெயிலு ஏறுது, வூட்டுக்கு வா. சாம்பாருக்கு மணியாச்சு" என்று மூட்டையை மகன் தோளில் ஏற்றினாள்.

இதோடு முடிந்ததா? மறுநாள் விடியற்காலை கதவைத் திறந்தாள் பவுனம்மாள். வாசல் நிறைய பொம்பளைகள், சட்டியும் பானையும் கற்பூரமுமாக.

"தாயே பவுனு, முனியையே ஓட்டினவளே! உன் கையால இந்தச் சட்டியத் தொட்டுக் குடும்மா, எங்க பருப்பும் வேகட்டும்!" என்று முன்வரிசைக்காரி காலில் விழப் போனாள்.

பவுனம்மாள் காலை இழுத்துக்கொண்டாள். கற்பூரத்தை ஊதி அணைத்தாள்.

"குடத்த எடுத்துக்கினு கொளத்துக்கு நடங்கடி! தலைன்னு ஒண்ணு ஒடம்புமேல இருக்கிறது கொண்டை போடறதுக்கு மட்டும் இல்ல!"