விட்டுப் பிடித்தல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் ஆசியுடன் எழுதுவது. நானும் உங்கள் மாமியாரும் நலம். கடையில் பழுது பார்க்க வந்திருக்கும் பதினொரு தையல் மெஷின்களில் பத்து நலம், ஒன்றுக்கு மட்டும் ஷட்டில் கோளாறு. அங்கே நீங்களும் மகளும் சுகம்தானே? சரி, மரியாதை முடிந்தது. மாப்பிள்ளை, நான் ஜெயித்துவிட்டேன்! போனில் சொன்னால் குறுக்கே குறுக்கே பேசுவீர்கள் என்பதால்தான் கடிதம்.

பந்தயம் நினைவிருக்கிறதல்லவா? தூண்டிலைப் பரிசாகக் கொடுத்தீர்கள், சந்தோஷம். கூடவே ஒரு துண்டுக் காகிதமும் வைத்தீர்களே: 'மாமா, பாசி அடர்ந்த இடத்தில் பாஸ் மீனுக்குத் தூண்டில் போடும்போது ரீலின் முன்பக்கம் இருக்கிற, நூலை இறுக்குகிற டிராக் திருகைக் கடைசிவரை இறுக்கிவிடுங்கள். நூல் ஓடவே கூடாது. ஓடினால் மீன் பாசிக்குள் புகுந்துவிடும்.' முப்பத்திரண்டு வருடமாகத் தையல் மெஷினில் டென்ஷன் திருகைத் திருகி நூலின் இறுக்கம் வைக்கிறவனுக்குத் திருகைப் பற்றிப் பாடம்! டென்ஷன் வைப்பதுதான் என் தொழில், சந்தேகமிருந்தால் உங்கள் மாமியாரைக் கேளுங்கள். நூலை இறுக்கினால் அறும், இதமாக விட்டால்தான் தையல் ஓடும். மீனோ மனுஷனோ, விட்டுப் பிடிக்க வேண்டும். அதனால் கடைசிவரை இறுக்கி, அங்கிருந்து முக்கால் சுற்று தளர்த்துவதே சரி என்றேன். "அப்படிப் பிடிச்சுக் காட்டுங்க மாமா, பாக்கலாம்"னு சிரித்தீர்கள். என் முறையில் மீன் வந்தால் ஒரு வருடத்துக்கு யாரும் என்னைக் கடையைப் பூட்டிவிட்டு வரச்சொல்லக் கூடாது. உங்கள் முறையில் வந்தால் நானும் உங்கள் மாமியாரும் பதினைந்து நாள் அங்கே வந்து தங்க வேண்டும். கல்யாணமாகி ஒன்றரை வருடமாக மகளும் கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறாள், நான்தான் ஷட்டிலைச் சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பந்தயம் அவ்வளவுதான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மறைக்க மாட்டேன். தையல் சாக்பீஸால் திருகில் ஒரு கோடு, ரீலில் ஒரு கோடு, இரண்டும் நேராக நின்றால் முக்கால் சுற்று என்று கணக்காக வைத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். பாசி மேல், இரையாக மாட்டிய ரப்பர் தவளையைத் தத்தித் தத்தி இழுக்கிறேன், டபக்கென்று ஒரு வாய்! பாஸ் என்று பெயர் வைத்தவன் தெரிந்துதான் வைத்திருக்கிறான் மாப்பிள்ளை, வந்த வேகத்தில் முதலாளி மாதிரி என் நூலை எடுத்துக்கொண்டு நேராகத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. நானும் விட்டேன் விட்டேன், பிடிப்பது மட்டும் நடக்கவில்லை. இழுத்தால் ஒரு கூடைப் பாசிதான் வந்தது. பக்கத்தில் தூண்டில் போடுகிற பேக்கரிக்காரர், "அண்ணே, பாசி எடுக்கத் தூண்டில் எதுக்கு, மண்வெட்டி போதுமே"ன்னார். இரண்டாவது ஞாயிறு மீன் நூலைத் தாமரைத் தண்டில் மூன்று சுற்று சுற்றிக் காஜா எடுத்துவிட்டுப் போய்விட்டது. அவிழ்க்க இறங்கினேன், முழங்கால்வரை சேறு, ஒரு செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்த என்னைப் பார்த்து, உங்கள் மாமியார் அதையும் வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

நேற்று மூன்றாவது ஞாயிறு. "ஏங்க, வாராவாரம் பாசியோட வர்றீங்களே, இந்தத் தடவை நானும் வர்றேன்"னு அவளும் கிளம்பினாள். கரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நான் தவளைக்கு முடிச்சுப் போட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டும்வரை தூண்டிலை அவள்தான் பிடித்துக்கொண்டிருந்தாள், பாவம். வாங்கி வீசினேன். தவளை விழுந்து இரண்டு தத்து தத்தியிருக்கும், பாசியே வெடித்தது! கம்பு வில்லாக வளைகிறது, நான் கரையில் வழுக்குகிறேன், அவள் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, "விடாதீங்க! விடாதீங்க!" என்று கத்துகிறாள், பேக்கரிக்காரர் தன் தூண்டிலைப் போட்டுவிட்டு ஓடிவருகிறார். நூல் ஒரு விரற்கடைகூட ஓடவில்லை மாப்பிள்ளை! சரியான டென்ஷன் என்றால் அதுதான். மீன் பாசிக்குள் தலையை நுழைக்க வழியே இல்லாமல், பச்சைப் போர்வையைப் போர்த்திக்கொண்டு பாசிக்கு மேலேயே வழுக்கி வந்து என் மடியில் விழுந்தது. நானும் சேற்றில்தான் உட்கார்ந்திருந்தேன், அது வேறு விஷயம்.

ரீல் விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். காய்கறிக் கடைத் தராசில் பாசியெல்லாம் எடுத்த பிறகே இரண்டு கிலோ நூறு. சாட்சி பேக்கரிக்காரர். முக்கால் சுற்று வாழ்க! நீங்கள் நல்லவர், படித்தவர், ஆனால் நூல் விஷயத்தில் கொஞ்சம் அவசரக்காரர். ஆகவே இனி ஒரு வருடத்துக்குக் கடையைப் பூட்டுகிற பேச்சு வேண்டாம். மகளிடம் பதமாக எடுத்துச் சொல்லுங்கள்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், நூல் அறாமல் நூறாண்டு வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற மாமனார்

பி.கு.: கடிதத்தை மடிப்பதற்குமுன் உங்கள் மாமியார் வாங்கிப் படித்தாள். பிறகு ரீலைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். நேற்றிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. என் சாக்பீஸ் கோடு ஒரு பக்கம் இருக்கிறது, திருகின் கோடு எங்கேயோ இருக்கிறது. திருகிப் பார்த்தேன், இனி இறுக்க இடமில்லை. "மாப்பிள்ளைதான் போன்ல சொன்னாரு, வலது பக்கமா நிக்கிறவரைக்கும் திருகுங்க அத்தைன்னு. நீங்க கண்ணாடி துடைக்கும்போது திருகிட்டேன். முப்பது வருஷமா உங்கள விட்டுத்தான் பிடிச்சேன். எனக்கு என் பொண்ணப் பாக்கணும், அதான் இந்த ஒரு தடவ இறுக்கிட்டேன்" என்றாள். சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். கடிதத்தைக் கிழித்துவிட நினைத்தேன், ஆனால் மீனைப் பற்றி எழுதியதெல்லாம் நிஜம், அது உங்களுக்குத் தெரிய வேண்டும். மகளைப் பார்க்க எனக்கும் ஆசைதான் மாப்பிள்ளை, ஷட்டிலாவது மண்ணாவது. வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறோம், பெட்டி கட்டியாகிவிட்டது. ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள். டிராக்கைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தே தீருவேன் என்றால், முக்கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.