பொணத்தொரையும் பொம்மையும்

சாவதில் எங்கள் பொணத்தொரையை மிஞ்ச இந்த உலகத்தில் ஆள் கிடையாது.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். செங்கம் ரோட்டில் டீ கிளாஸ் கழுவி, அதே ரோட்டில் மூன்று மாடி எழுப்பினேன். கலெக்டர் ஆபீசில்கூட எனக்கு நாற்காலி போடுவார்கள். அந்த மூன்றாவது மாடியில் பல வருஷமாகக் குடியிருக்கும் வெள்ளைக்காரர்தான் துரை. லண்டன் டிவியில் பழைய துப்பறியும் கதைகளைத் தொடராக எடுப்பார்களே, அதில் நடித்தவர். துப்பறிகிறவர் வேஷமில்லை, கொலைகாரன் வேஷமும் இல்லை. கொலையாகிறவர் வேஷம். ரயிலில் கழுத்தை நெரிப்பார்கள், விருந்தில் விஷம் வைப்பார்கள், குளத்தில் தள்ளுவார்கள். முதல் கால் மணி நேரத்திலேயே மனுஷன் காலி. அதனால் நான் வைத்த பெயர் பொணத்தொரை. கூப்பிட்டால் பெருமையாகத் திரும்பிப் பார்ப்பார்.

ஒருநாள் பழைய கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. புதுத் தொடரில் பிணம் தேவை. ஆனால் துரைக்கு வயசாகிவிட்டது, மூச்சை அடக்க முடியுமா என்று சந்தேகம். அசையாமல் கிடப்பதை வீடியோ எடுத்து அனுப்பினால் வேஷம், இல்லாவிட்டால் பொம்மையைக் கிடத்திக்கொள்வார்களாம்.

துரைக்கு முகம் செத்துவிட்டது. “பொம்மைக்கு இன்னாங்க நடிப்புத் தெரியும்?” என்று என்னிடமே கேட்டார். தமிழை எங்கள் சமையல்கார சாலம்மாவிடம் கற்றவர், அப்படித்தான் பேசுவார்.

மொட்டை மாடியில் ஒத்திகை தொடங்கியது. அவர் வயிற்றின் மேல் ஒரு அரச இலையை வைத்துவிட்டு நான் பார்த்துக்கொண்டிருப்பேன். இலை படகு மாதிரி ஆடும். எல்லாம் சாலம்மா போண்டாவின் வேலை. போண்டாவை நிறுத்தினேன், ஆட்டம் கம்மியானது. டைரக்‌ஷன் எனக்குப் பிறவியிலேயே உண்டு.

வீடியோ எடுக்கும் நாளில் மாடித் தரை காலையிலேயே கொதித்தது. துரை கீழே இறங்கி, வாசல் வேப்பமர நிழலில் படுத்தார். முழு உடம்பும் விழவேண்டும் என்று நான் மாடி ஜன்னலிலிருந்து போனில் எடுத்தேன். இலை அசையவில்லை. எனக்கே புல்லரித்தது.

நிழல் பார்த்துப் படுத்த துரை திசை பார்க்கவில்லை. வடக்கே தலை. உயிரோடிருக்கிற எவன் அப்படிப் படுப்பான்? தெருவில் வந்த பூக்காரம்மா பார்த்தாள், பெருமூச்சு விட்டு மாலையை எடுத்துப் போட்டாள். பக்கத்துக் கடைக்காரர் செருப்பைக் கழற்றினார். ஆட்டோக்காரர் ஒருவர் மேளத்துக்குச் சொல்லக் கிளம்பிவிட்டார். நான் மேலேயிருந்து கத்தியிருக்கலாம். கத்தினால் வீடியோவில் என் குரல் விழுமே.

அதற்குள் சாலம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். பார்த்த நிமிஷமே முந்தானையைக் கிழித்து, துரையின் இரண்டு கால் கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டிவிட்டாள். பிறகு நெஞ்சில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“போண்டா கேட்டியே சாமி, பாவி நான் இல்லன்னு சொல்லிட்டனே.”

அதுவரை கல்லாகக் கிடந்தவரின் மூடிய கண்ணோரம் ஒரு சொட்டு வழிந்தது. “பொணம் அழுவுது” என்றார் கடைக்காரர், ரொம்ப அமைதியாக. அடுத்த நிமிஷம் பாதிக் கூட்டம் பெரிய கோயில் பக்கம் ஓடியது. துரை எழுந்து நிற்கப் பார்த்து, கட்டுப்பட்ட காலோடு சாலம்மா மேலேயே விழுந்தார்.

அவள் கரண்டியால் இரண்டு வைத்தாள். “உயிரோட இருந்தா சொல்லித் தொலைக்க மாட்டியாய்யா? அங்க சாம்பாரு தீயுது.”

துரை வாசலிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேஷம் போய்விட்டது என்றார். பொம்மையென்றால் அழுதிருக்காதாம்.

“ஏன்யா அழுத?” என்றேன்.

“நான் நெறைய தபா செத்துட்டேங்க. எல்லாரும் யாரு கொன்னதுன்னுதான் கேப்பாங்க. ஒருத்தரும் அழுததில்ல.”

சொட்டு வழிவதற்கு முன்னாலேயே வீடியோவை வெட்டி அனுப்பி வைத்தேன். அந்த வித்தையெல்லாம் எனக்கு விரல் நுனியில். சுற்றிலும் ஊரே அழ, நடுவில் இலைகூட அசையாமல் ஒரு பிணம். எந்தப் பொம்மை எதிரில் நிற்கும்? வேஷம் கிடைத்தது. போய்ச் செத்துவிட்டு, அடுத்த பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தோடு திரும்பி வந்தார்.

தொடர் வந்தபோது என் வீட்டுக் கூடத்தில் போட்டுப் பார்த்தோம். துரை எனக்கும் சாலம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருந்தார். டிவியில் அவரை மாடிப்படியிலிருந்து யாரோ தள்ளிவிட்டார்கள். சாலம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செத்தவரைத் தாண்டிப் போய் எல்லோரும் டீ குடிக்க உட்கார்ந்தார்கள்.

நான் டிவியை அணைத்துவிட்டேன். கொன்னது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.